ஃபுளோரிடா வீட்டு இன்ஷூரன்ஸ்: விண்ட் மிட்டிகேஷன் பார்த்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள்

டாம்பா_சரவணன்
3 பிப்ரவரி 2025, இரவு 9:40

வணக்கம். பிராண்டனில் 1991-ல் கட்டிய வீடு எங்களுடையது. 2016-ல் வாங்கினோம். இந்த வருடத்துப் புதுப்பிப்புக் கடிதம் நேற்று வந்தது. 5,900 டாலர். போன வருடம் 4,700. மில்டன் புயலில் வேலிப் பலகை இரண்டு பறந்ததைத் தவிர எங்களுக்குச் சேதம் இல்லை. க்ளெய்மும் போடவில்லை.

ஏஜென்டைக் கூப்பிட்டால் "உங்கள் ஃபைலில் விண்ட் மிட் ரிப்போர்ட் இல்லையே" என்கிறார். வீடு புயல் காற்றைத் தாங்குமா என்று பார்த்து எழுதும் ரிப்போர்ட்டாம். ஒன்பது வருடமாக இல்லாதது இப்போதுதான் அவர் கண்ணில் பட்டிருக்கிறது. அதே வாரம் ஜன்னல்காரர் ஒருவர் கதவைத் தட்டி, எல்லா ஜன்னலையும் இம்பாக்ட் கண்ணாடியாக (புயலில் ஏதாவது பறந்து வந்து மோதினாலும் தாங்கும் கண்ணாடி) மாற்றினால் "இன்ஷூரன்ஸ் பாதியாகிவிடும்" என்று 28,000 டாலருக்கு எஸ்டிமேட் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். வீட்டம்மா மாற்றிவிடலாம் என்கிறாள். எனக்கு அந்த "பாதி"யில்தான் சந்தேகம்.

இந்த இன்ஸ்பெக்ஷனில் என்ன பார்ப்பார்கள்? உண்மையில் குறையுமா? அப்புறம், ஜன்னலா கூரையா, எதில் முதலில் கை வைப்பது?

கூரைமேல்_கோபால்
3 பிப்ரவரி 2025, இரவு 11:15

சரவணன், ஜன்னல்காரருக்கு இன்னும் கையெழுத்துப் போடவில்லையே? போடாதீர்கள். முதலில் 100 டாலர் சொச்சம் செலவு செய்து இன்ஸ்பெக்ஷன் பாருங்கள். உங்கள் வீட்டில் ஏற்கெனவே இருக்கிற விஷயத்துக்கே தள்ளுபடி கிடைக்காமல் ஒன்பது வருடம் கட்டியிருக்கிறீர்கள் என்பது என் ஊகம்.

காற்றைத் தாங்கும் அமைப்பு இருந்தால் கம்பெனி தள்ளுபடி கொடுத்தே ஆக வேண்டும் என்பது ஃபுளோரிடா மாநிலச் சட்டம். அவர்கள் மனசு வைத்துக் கொடுப்பது இல்லை. ஆனால் நிரூபிக்க வேண்டியது நாம். அதற்கு மாநிலம் முழுக்க ஒரே படிவம், எல்லோரும் "1802" என்பார்கள். வீட்டில் பெரிய மாற்றம் செய்யாதவரை ஐந்து வருடம் செல்லும். லைசென்ஸ் உள்ள இன்ஸ்பெக்டர், கான்ட்ராக்டர், இன்ஜினியர், ஆர்க்கிடெக்ட் இவர்களில் ஒருவர் கையெழுத்திட வேண்டும், போட்டோவும் வைக்க வேண்டும். போட்டோ இல்லாத டிக்குக்கு மதிப்பில்லை.

ஏழு கேள்விகள். முதலாவது, வீடு எந்தக் கட்டட விதிப்படி கட்டியது. 1992 ஆகஸ்டில் ஆண்ட்ரூ தென் ஃபுளோரிடாவைத் துடைத்துப் போட்ட பிறகுதான் இங்கே விதிகள் இறுகின. மயாமி-டேட், பிராவர்ட் கவுண்டிகள் (மாவட்டங்கள்) இரண்டுக்கும் 1994-ல் கடுமையான விதி வந்தது. மாநிலம் முழுமைக்கும் ஒரே விதி வந்தது 1 மார்ச் 2002-ல். உங்களுடையது 1991, அதனால் இதில் ஒன்றும் கிடைக்காது. (2002, 2003-ல் கட்டிய வீட்டுக்காரர்கள் கவனிக்க: வீடு முடிந்த வருடம் போதாது, பெர்மிட் விண்ணப்பத் தேதி மார்ச் 1-க்குப் பிறகு என்று காட்ட வேண்டும்.)

இரண்டாவது, கூரையின் மேல்மூடி. ஷிங்கிள் (ஓடு மாதிரி வரிசையாக அடிக்கும் மெல்லிய பட்டைகள்) எப்போது, எந்த பெர்மிட்டில் போட்டது? 2002-க்குப் பின் என்றால் நல்லது. கவுண்டி இணையதளத்தில் முகவரியைப் போட்டால் பெர்மிட் வந்துவிடும்.

மூன்றாவதும் நான்காவதும்தான் விஷயமே. அட்டிக்குக்குள், அதாவது கூரைக்கும் உள்கூரைக்கும் நடுவில் உள்ள இடத்துக்குள், ஏறினால்தான் தெரியும்.

கூரைப் பலகையை ட்ரஸ்ஸோடு (கூரையைத் தாங்கும் மரச்சட்டம்) எந்த ஆணி பிடித்திருக்கிறது, எத்தனை அங்குலத்துக்கு ஒன்று என்று பார்ப்பார்கள். இரண்டு அங்குல ஆணியோ ஸ்டேப்பிளோ இருந்தால் ஏ, இந்த மூன்றில் அதுதான் பலவீனம். இரண்டரை அங்குல ஆணி, ஓரத்தில் ஆறு அங்குலத்துக்கு ஒன்று, நடுவில் பன்னிரண்டுக்கு ஒன்று என்றால் பி. நடுவிலும் ஆறுக்கு ஒன்று என்றால் சி. பலகைக்குள் மறைந்த ஆணியின் நீளத்தை எப்படி அளப்பார்கள் என்று கேட்காதீர்கள், அது ஒரு வேடிக்கை. ட்ரஸ் கட்டையில் இறங்காமல் தவறிப்போன ஆணி ஒன்றிரண்டு எந்த வீட்டிலும் பக்கத்தில் பளபளவென்று நீட்டிக்கொண்டிருக்கும். ஷைனர் என்பார்கள். அதன் பக்கத்தில் டேப்பை வைத்து போட்டோ எடுப்பார்கள். ரூஃபர் தப்பாக அடித்த ஆணிதான் மற்ற ஆணிக்குச் சாட்சி.

அடுத்து, ட்ரஸ் சுவரோடு எப்படிச் சேர்ந்திருக்கிறது. சாய்வாக ஆணி அடித்து விட்டிருந்தால் அதற்குப் பேர் டோ-நெயில், தள்ளுபடி இல்லை. உலோகக் க்ளிப் இருந்தால் உண்டு. ட்ரஸ் தலைக்கு மேலே சுற்றி வரும் பட்டையாக இருந்தால் இன்னும் மேல். காற்று கூரையை அமுக்குகிறது என்று நினைக்கிறோம். அப்படியில்லை, மேலே தூக்குகிறது. கூரையின் எடையை விட்டால் அதை இழுத்துப் பிடிக்க அந்தப் பட்டை மட்டும்தான்.

ஆனால் க்ளிப் இருந்தால் மட்டும் போதாது. ட்ரஸ்ஸில் குறைந்தது மூன்று ஆணி இருக்க வேண்டும். இரண்டு ஆணியோடு இருக்கிற க்ளிப்பை டோ-நெயில் என்றுதான் எழுதுவார்கள். அதோடு, வீட்டில் எது பலவீனமான இணைப்போ அதுதான் மொத்த வீட்டுக்கும் மார்க்.

மீதி மூன்று கேள்விகள்: கூரை வடிவம், ஷிங்கிளுக்கு அடியில் தண்ணீர் புகாத ஒட்டுப்படலம், ஜன்னல் கதவுப் பாதுகாப்பு. தூக்கம் வருகிறது, நாளைக்கு எழுதுகிறேன். உங்கள் கூரை எப்போது மாற்றியது?

டாம்பா_சரவணன்
4 பிப்ரவரி 2025, காலை 7:05

கோபால் சார், நன்றி. கூரை 2009-ல் முந்தைய உரிமையாளர் மாற்றியது. பெர்மிட் இருக்கிறது, இப்போதுதான் பார்த்தேன். பதினைந்து வருடம் தாண்டிவிட்டதே, அதைச் சொல்லிப் பாலிசியை ரத்து செய்வார்களோ என்று அது வேறு பயம்.

ஆர்லாண்டோ_அம்மு
4 பிப்ரவரி 2025, காலை 10:30

சரவணன், நான் செய்த முட்டாள்தனத்தைச் சொல்கிறேன், நீங்கள் செய்யாதீர்கள்.

2022-ல் இயன் வந்துபோன பிறகு பயந்துபோய் பதினான்கு ஜன்னலுக்கும் அலுமினிய ஷட்டர் போட்டோம். சோதனைச் சான்று உள்ள நல்ல சரக்கு. பின்பக்கக் கண்ணாடிக் கதவுக்கும் போட்டோம். ரிப்போர்ட் வந்தபோது ஜன்னல் பாதுகாப்பு என்ற இடத்தில் பூஜ்ஜியம். இன்ஸ்பெக்டரிடம் சண்டைக்கே போய்விட்டேன். அவர் அமைதியாக முன்வாசலைக் காட்டினார். கதவுக்கு மேலே அரைவட்டமாக ஒரு கண்ணாடி, அழகுக்காகக் கட்டியவர்கள் வைத்தது. அதற்கு ஷட்டர் இல்லை. ஷட்டர் போட்டவர்கள் அதை ஜன்னலாகவே எண்ணவில்லை, நானும் எண்ணவில்லை.

கண்ணாடி உள்ள எந்தத் திறப்பு விடுபட்டாலும் போச்சு. கூரையில் ஸ்கைலைட், கராஜ் கதவின் மேல்வரிசைக் கண்ணாடி எல்லாம் கணக்கில் உண்டு. அந்த அரைவட்டத்துக்கு அளவெடுத்து ஷட்டர் செய்ய மூன்று மாதம் ஆனது. அதற்கப்புறம்தான் தள்ளுபடி வந்தது.

கூரைமேல்_கோபால்
4 பிப்ரவரி 2025, மாலை 6:50

அம்மு சொன்னதுதான் ஐந்து வருடத்தில் நான் அதிகம் கேட்ட கதை. சிலருக்கு அரைவட்டம், சிலருக்கு கதவுப் பக்கத்து ஒல்லிக் கண்ணாடி.

"சோதனைச் சான்று" என்றால் என்னவென்று கேட்பவர்களுக்கு: ஒன்பது பவுண்டு எடையுள்ள மரச்சட்டத்தை வினாடிக்கு 50 அடி வேகத்தில் அந்தக் கண்ணாடியின் மேலோ ஷட்டரின் மேலோ பீரங்கி மாதிரி ஒரு குழாயிலிருந்து சுடுவார்கள். பிறகு காற்றழுத்தத்தை ஆயிரக்கணக்கான தடவை ஏற்றி இறக்குவார்கள். தாங்கினால்தான் முத்திரை. இம்பாக்ட் கண்ணாடி உடையாது என்று நினைக்காதீர்கள். உடையும், விழாது. நடுவில் உள்ள படலம் பிடித்துக்கொள்ளும். கண்ணாடியின் மூலையில் பொறித்திருக்கிற எழுத்தையோ, மயாமி-டேட் ஒப்புதல் எண்ணையோ இன்ஸ்பெக்டர் போட்டோ எடுப்பார். ஸ்டிக்கரைக் கிழித்துப் போட்டுவிட்டு, ரசீதும் இல்லை என்றால் அவ்வளவுதான். புயலுக்கு முதல்நாள் ஹார்டுவேர் கடையில் வாங்கி அடிக்கிற பிளைவுட்டைக் காட்டிப் பெரிதாக எதுவும் எதிர்பார்க்காதீர்கள்.

சரவணனின் கூரை வயசு விஷயம். 2022-ல் வந்த சட்டப்படி, பதினைந்து வருடத்துக்குக் குறைவான கூரையை வயசு என்ற ஒரே காரணத்துக்காக மறுக்க முடியாது. பதினைந்து ஆகிவிட்டால் இன்ஸ்பெக்ஷன் பார்க்க உங்களுக்கு வாய்ப்புத் தர வேண்டும். இன்னும் ஐந்து வருடம் தாங்கும் என்று வந்தால் வயசைக் காட்டி மறுக்கக்கூடாது. இதற்கும் 1802-க்கும் சம்பந்தமில்லை, தனி ரிப்போர்ட். பழைய வீட்டுக்குக் கேட்கிற 4-பாயின்ட்டும் வேறு: கூரை, மின்சாரம், குழாய், ஏசி. அது வீட்டை ஏற்றுக்கொள்ளலாமா என்று பார்க்க. 1802 தள்ளுபடிக்கு. இரண்டையும் ஒரே ஆளிடம் ஒரே நாளில் பார்த்தால் மலிவு.

2009 கூரை என்பதில் ஒரு நல்ல செய்தி. 2007-க்குப் பிறகு பழைய வீட்டின் கூரையைப் பிரித்தால் பலகையை மறுபடி ஆணி அடிக்க வேண்டும் என்று விதி வந்துவிட்டது. ஒழுங்கான ரூஃபராக இருந்தால் உங்களுக்கு சி கிடைக்க வேண்டும். ஒட்டுப்படலம் போட்டிருந்தால் அதற்கும் தனியாக உண்டு. அது ஷிங்கிளுக்குக் கீழே மறைந்துவிடுவதால் பெர்மிட் காகிதமோ அப்போது எடுத்த போட்டோவோ இருந்தால்தான் நிரூபிக்க முடியும். சாதாரண கறுப்பு ஃபெல்ட் காகிதம் கணக்கில் வராது.

வேதாரண்யத்தான்
5 பிப்ரவரி 2025, இரவு 8:20

ஜாக்சன்வில்லிலிருந்து. கோபால் அண்ணன் "தூக்குகிறது" என்றதும் ஊர் ஞாபகம் வந்துவிட்டது. 2018 நவம்பரில் கஜா வந்தபோது நான் லீவில் ஊரில்தான் இருந்தேன். ராத்திரி முழுக்க கொட்டகை ஷீட் மேலே எழும்பி எழும்பி அடித்துக்கொண்டிருந்தது. அப்பா மணல் மூட்டை ஏற்றியிருந்தார். விடிகாலையில் மூட்டை வாசலில் கிடந்தது, ஷீட்டைக் காணோம். எங்கள் ஓட்டு வீட்டில் ஒரு பக்கக் கதவு தாழ் உடைந்து திறந்துகொண்டது. அதற்கப்புறம்தான் அந்தப் பக்கத்து ஓடு எல்லாம் உள்ளேயிருந்து தள்ளின மாதிரி போனது.

இங்கே வந்து கராஜ் கதவைப் பார்த்தபோது அந்தக் கதவுதான் நினைவுக்கு வந்தது. பதினாறு அடி அகலம், தகடு மாதிரி ஒல்லி. காற்று அதைப் பிதுக்கி உள்ளே வந்தால் மேலேயிருந்து இழுப்பதும் உள்ளேயிருந்து தள்ளுவதும் சேர்ந்து கூரையைக் கழற்றிவிடும். காற்றழுத்த மதிப்பு உள்ள கதவாக மாற்றினேன். தள்ளுபடி பெரிதாக வரவில்லை, ஏனென்றால் என் ஜன்னல்கள் இன்னும் வெறும் கண்ணாடி. ஆனாலும் புயல் ராத்திரியில் தூங்குகிறேன். அதற்கு என்ன பிரீமியம் போடுவது?

நேப்பிள்ஸ்_நடராஜன்
5 பிப்ரவரி 2025, இரவு 10:05

எல்லோரும் சொல்வது சரிதான், ஆனால் கொஞ்சம் தண்ணீர் ஊற்றுகிறேன்.

ஒன்று, தள்ளுபடி மொத்த பிரீமியத்துக்கு இல்லை. அதில் புயல் காற்றுக்கான பங்குக்கு மட்டும்தான். "80 சதவீதம் தள்ளுபடி" என்று கடிதத்தில் ஒரு அட்டவணை வரும். அதைப் பார்த்து 5,900-ல் 80 சதவீதம் என்று கணக்குப் போட்டு ஏமாந்தவன் நான். நெருப்பு, திருட்டு, தண்ணீர்க் குழாய், பிறர் வந்து விழுந்தால் கேட்கும் பொறுப்பு, இதெல்லாம் அப்படியே நிற்கும்.

இரண்டு, அடிப்படை விலை ஏறுவது நம் ஆணியால் இல்லை. மறுகாப்பீட்டுச் செலவு (கம்பெனிகள் தங்களுக்கே எடுத்துக்கொள்ளும் காப்பீடு), வழக்குகள். 2022 டிசம்பரில் வழக்குச் சட்டத்தை மாற்றினார்கள். வக்கீல் கட்டணத்தை ஒருதலையாகக் கம்பெனி தலையில் கட்டுவது நின்றது. அதற்காக என் பில் இறங்கிவிடவில்லை. தள்ளுபடியால் 900 குறைந்தது, அடுத்த வருடம் அடிப்படை விலை 700 ஏறியது. ஏணி வைத்து ஏறினேன், மாடியும் கூடவே ஏறியது.

மூன்று, டிடக்டபிள். புயல் டிடக்டபிள் தனி, அது சதவீதக் கணக்கு. வீட்டுக்கு 400,000 காப்பீடு, 2 சதவீதம் என்றால் முதல் 8,000 உங்கள் கையிலிருந்து. 5 சதவீதம் என்றால் 20,000. பிரீமியத்தைக் குறைக்க ஏஜென்ட் முதலில் கை வைப்பது இதில்தான். அதைக் குறைப்பு என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். செலவைத் தள்ளிப்போடுவது.

வெள்ளம் இதில் எதிலும் கிடையாது. இயனில் எங்கள் தெருவில் கூரை அசையாத வீடுகளுக்குள் கடல்தண்ணீர் இடுப்பளவு நின்றது.

கூரைமேல்_கோபால்
5 பிப்ரவரி 2025, இரவு 10:40

நடராஜன் அண்ணா சொன்ன மூன்றையும் ஒத்துக்கொள்கிறேன். ஏணிக் கதையில் மட்டும் ஒரு சின்ன திருத்தம். ரிப்போர்ட் இல்லாதிருந்தால் 700-ம் ஏறியிருக்கும், 900-மும் சேர்த்துக் கட்டியிருப்பீர்கள்.

நேப்பிள்ஸ்_நடராஜன்
5 பிப்ரவரி 2025, இரவு 10:52

அது சரி.

டாம்பா_சரவணன்
15 பிப்ரவரி 2025, மாலை 4:30

இன்ஸ்பெக்ஷன் முடிந்தது. ஒன்றேகால் மணி நேரம். மனிதர் அட்டிக்கில் பூனை மாதிரி தவழ்ந்தார். 4-பாயின்ட்டும் சேர்த்து 190 டாலர்.

கூரை மூடி: நல்லது. கூரையும் இன்னும் ஐந்து வருடத்துக்கு மேல் தாங்கும் என்று எழுதியிருக்கிறார். பலகை: சி! கோபால் சார் வாய்க்குச் சர்க்கரை. ஷைனரும் இருந்தது, போட்டோ எடுத்தார்.

ஒட்டுப்படலம்: நிரூபணம் இல்லை. 2009-ல் வேலை செய்த ரூஃபிங் கம்பெனியை அழைத்தேன். எண்ணே இல்லை.

சுவர் இணைப்பு: டோ-நெயில். க்ளிப் இருக்கிறது, எல்லா ட்ரஸ்ஸிலும் இருக்கிறது. ஆனால் ஒவ்வொன்றிலும் இரண்டே ஆணி. மூன்றாவது ஓட்டை காலியாக என்னைப் பார்த்துச் சிரிக்கிறது. 1991-ல் எவனோ ஒரு பெட்டி ஆணியை மிச்சம் பிடித்திருக்கிறான்.

கூரை வடிவம்: "மற்றவை". இதுதான் புரியவில்லை. நான்கு பக்கமும் இறவாரம் இறங்குகிற ஹிப் கூரைதான் எங்களுடையது. வாசல் முகப்பில் மட்டும் சின்னதாக முக்கோணம் ஒன்று. அதற்காக ஹிப் இல்லை என்கிறார்.

கூரைமேல்_கோபால்
15 பிப்ரவரி 2025, மாலை 5:45

அந்த முக்கோணத்தின் நீளம் எவ்வளவு? கூரையின் மொத்தச் சுற்றளவு எவ்வளவு? படிவத்தில் இரண்டையும் அடிக்கணக்கில் எழுத வேண்டும். ஹிப் அல்லாத பகுதி சுற்றளவில் 10 சதவீதத்தைத் தாண்டாவிட்டால் அது ஹிப்தான். பரப்பளவு இல்லை, சுற்றளவு. கண்ணால் பார்த்து எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். ஹிப்புக்கான தள்ளுபடி சின்னது இல்லை, விடாதீர்கள்.

டாம்பா_சரவணன்
16 பிப்ரவரி 2025, காலை 9:10

பையனை டேப்பின் மறுமுனையில் நிறுத்தி அளந்தோம். சுற்றளவு 220 அடி. முக்கோணம் 18 அடி. 8 சதவீதம் சொச்சம்!

கூரைமேல்_கோபால்
16 பிப்ரவரி 2025, காலை 9:40

அதே அளவையும் வான்படத்தையும் இன்ஸ்பெக்டருக்கு அனுப்புங்கள். மரியாதையாகக் கேளுங்கள், திருத்துவார். உங்களுக்காகப் பொய்யாக எழுதித் தர முடியாது, அது சட்டப்படி குற்றம். கம்பெனியும் தன் செலவில் ஆளை அனுப்பிச் சரிபார்க்கலாம். ஆனால் அளவு உங்கள் பக்கம் இருக்கிறதே.

க்ளிப்புக்கு மூன்றாவது ஆணி அடிப்பது உலகத்தில் மிகச் சுலபமான வேலை, மிகக் கொடுமையான வேலையும் அதுதான். கனெக்டர் ஆணி என்று ஒன்றரை அங்குலத்தில் தனியாக விற்கும், அதைத்தான் அடிக்க வேண்டும். சுவர் ஓரத்தில் கூரை தாழ்ந்து வருகிற இடம், படுத்துக்கொண்டே ஒரு கையால் அடிக்க வேண்டும். ஹிப் கூரையின் மூலைகளில் ஆளே நுழைய முடியாது. அங்கே வெளியேயிருந்து சாஃபிட்டை (இறவாரத்தின் அடிப்பலகை) கழற்றிச் செய்வார்கள். ஒரு க்ளிப் விட்டாலும் அதுதான் மார்க் என்பதை மறக்காதீர்கள். மார்ச்சுக்குள் முடியுங்கள். ஏப்ரலில் அட்டிக் அடுப்பாகிவிடும். முடித்ததும் அதே இன்ஸ்பெக்டரை மறுபடி கூப்பிட்டு போட்டோ எடுக்கச் சொல்லுங்கள்.

எச்1பி_ஏகாம்பரம்
18 பிப்ரவரி 2025, மதியம் 1:15

நடுவில் ஒரு சந்தேகம். "மை சேஃப் ஃபுளோரிடா ஹோம்" என்று மாநிலமே இலவச இன்ஸ்பெக்ஷனும் பணமும் தருகிறதே, யாராவது வாங்கினீர்களா? ஹோம்ஸ்டெட் வீடாக (நாமே நிரந்தரமாகக் குடியிருக்கிறோம் என்று வரிச்சலுகை பெற்ற வீடு) இருக்க வேண்டும் என்கிறார்கள். எனக்கு விசா மட்டும்தான், கிரீன் கார்டு வரிசையில் நிற்கிறேன்.

ஆர்லாண்டோ_அம்மு
18 பிப்ரவரி 2025, மாலை 7:30

நாங்கள் முயன்றோம், கிடைக்கவில்லை. ஆனால் விவரம் தெரியும். அவர்கள் அனுப்பும் இன்ஸ்பெக்டர் முதலில் வந்து பார்க்க வேண்டும். அந்த ரிப்போர்ட்டில் பரிந்துரைத்த வேலைக்குத்தான் பணம். நீங்கள் ஒரு டாலர் போட்டால் அவர்கள் இரண்டு போடுவார்கள், 10,000 வரை. ஒப்புதல் வருவதற்கு முன்னால் வேலையை ஆரம்பித்தால் போச்சு. எங்களுக்கு அதுதான் நடந்தது, ஷட்டருக்கு முன்பணம் கட்டிவிட்டோம். 2008-க்கு முன்பு பெர்மிட் வாங்கிய வீடாக இருக்க வேண்டும், வீட்டுக் காப்பீட்டுத் தொகைக்கும் வரம்பு உண்டு. குறைந்த வருமானக்காரர்களுக்கும் அறுபது தாண்டியவர்களுக்கும் முன்னுரிமை. ஒதுக்கிய பணம் தீர்ந்தால் இணையதளத்தை மூடிவிடுவார்கள். திறக்கிற அன்றைக்கே நம் ஊர் தட்கல் டிக்கெட் மாதிரி உட்கார வேண்டியதுதான்.

நேப்பிள்ஸ்_நடராஜன்
18 பிப்ரவரி 2025, இரவு 9:00

ஏகாம்பரம், குழந்தை இங்கே பிறந்ததா? விசாவில் இருப்பவருக்கு ஹோம்ஸ்டெட் கிடையாது என்று பல கவுண்டிகளில் சொல்லித் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அமெரிக்கக் குடிமகனான மைனர் குழந்தை அந்த வீட்டில் நிரந்தரமாக வசித்தால் அதை வைத்துக் கேட்கலாம் என்று ஃபுளோரிடா உச்ச நீதிமன்றம் 2012-ல் தீர்ப்புச் சொல்லிவிட்டது. கவுண்டி மதிப்பீட்டாளர் அலுவலகத்தில் அதைச் சொல்லிக் கேளுங்கள். சொத்து வரியும் குறையும். 1802 தள்ளுபடிக்கோ ஹோம்ஸ்டெட் தேவையே இல்லை, விசா எதுவானாலும் கிடைக்கும்.

எச்1பி_ஏகாம்பரம்
18 பிப்ரவரி 2025, இரவு 9:20

இரண்டு வயது மகள் இருக்கிறாள். நாலு வருடமாக அலுவலகத்தில் யாரும் இதைச் சொல்லவில்லை. நன்றி ஐயா, நன்றி.

ஹூஸ்டன்_ஹரி
20 பிப்ரவரி 2025, காலை 11:00

டெக்சாஸில் இந்த ஏழு கேள்விப் படிவம் இல்லை. இங்கே கடலோரப் பதினான்கு மாவட்டங்களுக்கென்று காற்றுக்காப்பீட்டுச் சங்கம் ஒன்று உண்டு. அதில் சேர, வீடு விதிப்படி கட்டியது என்று டபிள்யூபிஐ-8 சான்றிதழ் கேட்பார்கள். தள்ளுபடிக்கு முன்னால் உள்ளே நுழையவே அது வேண்டும். கால்வெஸ்டனில் வீடு பார்க்கிறவர்கள் வாங்குவதற்கு முன்பே அந்தக் காகிதத்தைக் கேளுங்கள்.

மொபீல்_மீனாட்சி
20 பிப்ரவரி 2025, மதியம் 2:40

அலபாமாவில் எங்கள் கதை இன்னும் நேர். இங்கே "ஃபோர்டிஃபைட்" என்று ஒரு தரம். இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் சேர்ந்து நடத்துகிற ஆய்வு நிறுவனம் வைத்தது. தென் கரோலினாவில் 105 விசிறிகளை ஒரு சுவராக அடுக்கி, முழு வீட்டைக் கட்டி அதன்மேல் புயல் ஊதிப் பார்க்கிறார்கள். கூரைப் பலகையின் இணைப்புகளை ஒட்டி மூடுவது, வளையம் வெட்டிய ஆணி, ஓரங்களைக் கெட்டியாகப் பிடிப்பது, இதுதான் சாரம். மாநிலம் 10,000 டாலர் வரை மானியம் தருகிறது, கம்பெனிகளும் சட்டப்படி தள்ளுபடி தர வேண்டும். வேலை நடக்கும்போதே ஒருவர் வந்து படம் எடுத்துக்கொண்டு போவார். முடிந்தபின் ஆணியைத் தேடி அட்டிக்கில் தவழ வேண்டாம். 2020-ல் சாலி வந்தபோது பக்கத்து வீட்டு ஷிங்கிள்கள் எங்கள் முற்றத்தில் கிடந்தன. எங்களுடையது ஒன்றும் போகவில்லை.

கூரை மாற்றப் போகிறவர்கள் வேறெந்த மாநிலமானாலும் இதையே கேட்டுப் போட்டுக்கொள்ளலாம். பிரித்திருக்கும்போது கூடுதல் செலவு கொஞ்சம்தான். மூடின பிறகு என்றால் முழுச் செலவு.

டாம்பா_சரவணன்
29 மார்ச் 2025, இரவு 8:15

விட்ட இடத்திலிருந்து. முதல் ரிப்போர்ட்டைத் திருத்தி ஹிப் என்று எழுதிக் கொடுத்தார். அளவைப் பார்த்ததும் மறுபேச்சு இல்லை, "ஸாரி" என்றார்.

ஆணி அடிக்க ஒரு கான்ட்ராக்டர் கிடைத்தார். இரண்டு பேர், ஒன்றரை நாள். மூலைகளில் சாஃபிட்டைக் கழற்றினார்கள். 1,150 டாலர். தினமும் ராத்திரி நானும் ஏறி டார்ச் அடித்து எண்ணிப் பார்த்தேன். இரண்டு க்ளிப்பை விட்டிருந்தார்கள்! அடிக்கச் சொன்னேன். மறு இன்ஸ்பெக்ஷன் 60 டாலர். இப்போது "க்ளிப்" என்று எழுதியாகிவிட்டது.

ஏஜென்ட் பாலிசியின் நடுவிலேயே ஏற்றிவிட்டார். 5,900 இப்போது வருடத்துக்கு 4,480. டிடக்டபிளைத் தொடவில்லை நடராஜன் சார், 2 சதவீதம்தான்.

ஜன்னலுக்கும் சேர்த்து ஏஜென்டிடம் கணக்குப் போடச் சொன்னேன். இன்னும் 600 குறையுமாம். 28,000-ஐ 600-ஆல் வகுத்துக் காட்டினேன், நாற்பத்தாறு வருடம். "அதுக்குள்ள நமக்கே கூரை மாத்தணும்" என்று சொல்லி வீட்டம்மா அந்த எஸ்டிமேட்டை மூடிவிட்டாள். ஆனால் கராஜ் கதவை மாற்றலாம் என்கிறாள். வேதாரண்யத்தாரின் கதையை நான்தான் படித்துக் காட்டினேன், என் தப்பு.

ஒரே ஒரு சந்தேகம் பாக்கி. பிரீமியம் குறைந்தும் வங்கியில் மாதத் தவணை அப்படியே பிடிக்கிறார்களே?

கூரைமேல்_கோபால்
29 மார்ச் 2025, இரவு 9:05

எஸ்க்ரோவில் (வரிக்கும் இன்ஷூரன்ஸுக்கும் வங்கி தவணையோடு பிடித்து வைக்கும் கணக்கு) பழைய தொகையை வைத்துப் பிடிக்கிறார்கள். தானாகக் குறையாது. புதிய பாலிசிப் பக்கத்தை அனுப்பி, எஸ்க்ரோவை மறுகணக்குப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். கம்பெனி திருப்பித் தரும் மீதி யார் பெயருக்கு காசோலையாக வருகிறது என்றும் பாருங்கள். உங்களுக்கு வந்தால் செலவழித்துவிடாதீர்கள், எஸ்க்ரோவில் போடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த வருடம் குறைவு விழுந்து தவணை ஏறும்.

அந்த 1802-ன் பிரதி ஒன்றை மின்னஞ்சலிலும் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஏஜென்ட் இன்னொரு தடவை ஃபைலில் இல்லை என்பார்.